கருப்பொருள் இல்லாத கடல்

புதுச்சேரியின் விடுதிகளிலும் காபிக் கடைகளிலும் சட்டமிட்டு மாட்டியிருக்கும் கடல் பெரும்பாலும் ஒன்றுதான். நீரில் நிற்கும் தூண்கள், பனியாக மழுங்கிய அலை, ஆளில்லாத வானம். 1860களில் பிரெஞ்சு ஆட்சி கட்டிய பழைய கடல்பாலத்தின் மிச்சம் அந்தத் தூண்கள். 1952ஆம் ஆண்டுப் புயல் பாலத்தைக் கொண்டுபோனது. 1954இல் பிரெஞ்சுக் கொடியும் இறங்கியது. ஒரு துறைமுக நகரத்தின் சரக்கும் சுமைக்கூலியும் ஏறி இறங்கிய இடம் இப்போது மௌனத்தின் படமாக விற்கப்படுகிறது.

இந்த மௌனம் செய்யப்பட்டது. லென்சின் முன் இருண்ட கண்ணாடியைப் பொருத்தி, திரையை நொடிக்கணக்கில், சிலவேளை நிமிடக்கணக்கில் திறந்துவைத்தால் அலை புகையாகிவிடும். அந்நேரம் சட்டகத்துக்குள் நடப்பவர்களும் பதியாமல் போவார்கள். 1838இல் தகேர் எடுத்த பாரிஸ் வீதிப் படத்திலேயே இது நடந்தது. கூட்டம் மறைந்தது, காலணிக்கு மெருகு போட நின்றவரின் உருவம் மட்டும் தெளிவாகத் தங்கியது. 1850களில் கடற்காட்சிகளால் புகழ்பெற்ற குஸ்தாவ் லெ கிரே, சில படங்களில் கடலை ஒரு நெகடிவிலும் வானத்தை வேறொன்றிலும் எடுத்து ஒட்டினார். ‘தூய கடல்’ தொடக்கத்திலிருந்தே கைவேலைதான்.

அசைபவர் பதிவதில்லை என்றால் முதலில் மறைவது யார்? தவளக்குப்பம் சந்திப்பிலிருந்து கிழக்கே போனால் நல்லவாடு. அங்கும், வடக்கே வீராம்பட்டினத்திலும், ஏலம் கேட்பது, மீன் பிரிப்பது, கருவாடு காயவைத்துக் காக்கை ஓட்டுவது, கூடையோடு பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ விரைவது எல்லாம் பெண்களின் வேலை. நிற்க நேரமில்லாத உடல்கள் அவை.

அதே கரையில் ஒரு பெண் உலகமே பார்க்கும்படி பதிவானதும் உண்டு. சுனாமிக்கு இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் ஒளிப்படக்காரர் அர்கோ தத்தா கடலூரில் எடுத்த படம் அது. இறந்த உறவினர் அருகே, மணலில் கவிழ்ந்து, உள்ளங்கைகள் வானம் பார்க்க அழுகிறாள் ஒருத்தி. அது அவ்வாண்டின் உலகப் பத்திரிகை ஒளிப்பட விருதைப் பெற்றது. அந்தத் துயரம் பொய்யல்ல. ஆனால் முந்தைய வாரம் வரை அவள் எப்படிப் பிழைத்தாள் என்று கேட்க அந்தச் சட்டகத்தில் இடமில்லை.

தொல்காப்பியம் வழி இலக்கணம் படித்தவர்களுக்கு இது புரிய வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, பறவை, தொழில் முதலியவை கருப்பொருள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். சுவரில் தொங்கும் படம் முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. செய்திப்படம் உரிப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. நடுவிலிருந்த கருப்பொருளை இரண்டும் விட்டுவிட்டன. சங்கப் பாடல்களோ விடவில்லை. அங்கே நெய்தல் மகள் காதலனுக்காக ஏங்கும்போதே மீன் உணங்கலைப் பறவைகளிடமிருந்து காக்கிறாள். உமணர் மகள் உப்பைக் கூவி நெல்லுக்கு மாற்றுகிறாள்.

இது வெறும் ரசனைச் சிக்கல் என்று விட்டுவிட முடியாது. ஆளில்லாத மணலைப் பார்த்துப் பழகிய கண், வலை உலர்த்தும் இடத்தையும் கருவாடு காயும் இடத்தையும் ‘காலி இடம்’ என்றே படிக்கும். பட்டா இல்லாமல், புழக்கத்தால் மட்டுமே ஊருக்குச் சொந்தமான நிலங்கள் அவை. விடுதியோ சாலையோ வரும்போது, இங்கே வேலை நடந்தது என்று காட்டப் படம் வேண்டும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத் தடுப்புச்சுவர்கள் எழுந்தன. வடக்கே போக வேண்டிய மணல் தடைபட்டது, நகரக் கரை அரித்தது, கருங்கல் கொட்டினார்கள். அந்தக் கல்லும் இன்று அழகிய படமாகிறது. மணலோடு போன வேலையிடம் எந்தப் படத்திலும் இல்லை.

மாணவியரிடம் இப்போது கைபேசி இருக்கிறது. ஏலக்களத்தை எடுக்கலாம். எடுக்குமுன் அங்குள்ள பெண்களிடம் அனுமதி கேட்கலாம். அவர்கள் சம்மதித்தால், படத்தின் கீழே பெயரும் தொழிலும் தேதியும் எழுதலாம். அப்படி எழுதிய படம் அந்த நிலத்துக்கு ஒரு சாட்சி.