கடார அரசமரபும் பினாங்குத் தீவும்

கடாரம் என்றதும் தமிழ் மாணவர்க்கு நினைவில் எழுபவன் முதலாம் இராசேந்திர சோழனே. 1025ஆம் ஆண்டளவில் அவன் கடற்படை வென்ற அந்நாடே இன்றைய கெடா. ஆயின் அம்மண்ணைப் பின்னர் ஆண்டோர் யாவர், பினாங்குத் தீவு அவர் கையினின்று எவ்வாறு நீங்கியது என்பவற்றை அறிந்தோர் சிலரே.

கெடா மன்னர் ஒருவர் 1136ஆம் ஆண்டில் இசுலாம் தழுவிச் சுல்தான் முசாபர் ஷா எனப் பெயர் பூண்டார் என்பது மரபுச் செய்தி. அவ்வாண்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், இம்மரபு மலாய் அரசமரபுகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று என்பது தெளிவு.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சயாமின் வலிமைக்கு அஞ்சிய சுல்தான் அப்துல்லா முகாரம் ஷா, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையை நாடினார். தீவை அளிப்பதற்கு ஈடாக அவர் வேண்டியவற்றுள் தலையாயவை இரண்டு: ஆண்டுதோறும் 30,000 ஸ்பானிய வெள்ளி, பகைவர் தாக்கும்போது படைத்துணை. கம்பெனியின் முடிவான இசைவு கிட்டுமுன்பே, 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். படைத்துணைக்குக் கம்பெனி இறுதிவரை உடன்படவில்லை.

ஏமாற்றமுற்ற சுல்தான் தீவை மீட்கப் பிறையில் படை திரட்டினார். 1791இல் லைட் முந்திக்கொண்டு தாக்கி அப்படையை முறியடித்தார். அவ்வாண்டு உடன்படிக்கை 6,000 வெள்ளியை மட்டும் வழங்கியது; பாதுகாப்புப் பற்றி அதில் உறுதிமொழி இல்லை. 1800இல் எதிர்க்கரையும் கம்பெனியின் வசமாயிற்று. இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுத்தொகை 10,000 வெள்ளி என முடிவாயிற்று.

அஞ்சியது 1821இல் நிகழ்ந்தது. சயாமியப் படை கெடாவைக் கைப்பற்றியது. அப்துல்லாவின் மைந்தர் சுல்தான் அகமது தாஜுதீன், தந்தையார் அளித்த அதே தீவில் அடைக்கலம் புகுந்தார். கம்பெனி அவருக்காகப் படை அனுப்பவில்லை. 1826இல் சயாமுடன் உடன்படிக்கையும் செய்துகொண்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நாடிழந்திருந்த அவர் 1842இல்தான் அரியணை மீண்டார்.

1909இல் சயாம் கெடாவின் மீதான உரிமையைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. அரசமரபோ அழியவில்லை. மலாயாவின் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் இம்மரபில் தோன்றியவரே. சுல்தான் அப்துல் ஹலீம் 1970இலும் 2011இலும் மலேசியாவின் மாமன்னராக அரியணை ஏறினார். பினாங்குக்கான ஆண்டுத்தொகை விடுதலைக்குப் பின்னரும் கெடாவுக்கு வழங்கப்பட்டு வந்தது.

பினாங்கின் வரலாற்றை லைட்டின் வருகையோடு தொடங்குவது நம் பாடங்களில் வழக்கம். அத்தீவுக்கு முன்பே ஓர் அரசும் உரிமையாளரும் இருந்தனர் என்பதையும், அவர் நம்பிய வாக்கு காக்கப்படவில்லை என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன்.