பேரேட்டுக் காலத்துப் பூட்டு

மாசக் கடைசியில் 'டேபிள் லாக்டு' என்று திரை சொன்னால், இங்கே நாக்பூரில் எங்கள் கிளையே கம்ப்யூட்டரைத் திட்டும். எனக்கு என்னவோ பேரேட்டுக் காலம்தான் ஞாபகம் வரும்.

அப்போதும் பூட்டு இருந்தது. ஒருவர் கையில் லெட்ஜர் இருந்தால் அடுத்தவர் காத்திருக்கணும். ஒரு கணக்குக்காக மொத்தப் புத்தகமும் முடங்கும். ஆனால் 10,000 ரூபாய் உள்ள கணக்கில் இரண்டு கவுன்டரில் ஆளுக்கு 8,000 கொடுத்துவிட முடியாது.

கம்ப்யூட்டருக்கும் இதே தலைவலி. முழு டேபிளைப் பூட்டினால் எல்லோரும் வரிசையில். வரி வரியாகப் பூட்டினால் பூட்டுகளைக் கண்காணிப்பதே பெரிய வேலை. 1975-இல் ஐபிஎம்மின் ஜிம் கிரே குழு வழி சொன்னது: வரியைப் பூட்டுமுன் டேபிளின் மேல் 'உள்ளே வேலை நடக்கிறது' என்று ஓர் அடையாளப் பூட்டு. 1976-இல் கபாலி ஈஸ்வரன், கிரே, லோரி, ட்ரெய்கர் எழுதிய விதி: ஒரு பூட்டைத் திறந்தபின் புதிதாக எதையும் பூட்டாதே.

ஆகவே லாக் வந்தால், யாரோ வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம். பல நேரம் சேவ் செய்யாமல் டீக்குப் போன ஆசாமிதான். முதலில் அவரைத் தேடுங்கள். அவசரப்பட்டு செஷனைக் கொன்றால், இரண்டு மணி நேரம் ஓடிய வட்டிக் கணக்கு பின்னோக்கி ஓடும். அது முடியும்வரை பூட்டும் திறக்காது!