பல்லியமும் சிம்பொனியும்

பல கருவிகளை ஒருங்கிசைத்தல் மேனாட்டார் கண்ட புதுமை என்பாரும், நம் முன்னோர் அதனை அவருக்கு முன்னரே முற்றக் கண்டனர் என்பாரும் நம்மிடையே உளர். இருசாராரும் ஆராயாது கூறுகின்றனர். பல்லியம் என்னும் சொல் பழையதே. சிலப்பதிகார அரங்கேற்று காதையில், மாதவி ஆடுங்கால் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், அதன்பின் முழவும் நிற்க, ஆமந்திரிகை அவற்றோடு கூடுகின்றது. யாழ், குழலோடு மாறுபட்டு வேறொரு பண்ணை எழுப்பவில்லை. அதன் வழியே நின்றது. விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் (1947) இக்காதையை அடிப்படையாகக் கொண்டதென்பதை மாணவர் அறிவர்.

மேனாட்டு நெறியோ வேறு. அங்கே வெவ்வேறு சுரங்கள் ஒரே காலத்தில் அடுக்கப்படும். 1808இல் வியன்னாவில் அரங்கேறிய பேதோவனின் ஐந்தாம் சிம்பொனியில் திரோம்போன்கள் மூன்று பகுதிகளிலும் வாளாவிருந்து, இறுதிப் பகுதியிலேயே முழங்குகின்றன. அம்மௌனமும் எண்ணி அமைக்கப்பட்டதே.

பல்லியத்துக்கு உறவு தேடுவோர், என் கருத்தின்படி, வியன்னாவை விட்டுச் சாவகத்தை நோக்குதல் தகும். அந்நாட்டுக் கமெலானில் ஒரு மூலவிசையைச் சில கருவிகள் மெல்ல இசைக்க, ஏனையவை அதனையே அணிசெய்யும். பெருஞ்சேகண்டி சுற்றின் முடிவைக் காட்டும். 1889இல் பாரிசுப் பொருட்காட்சியில் அதனைக் கேட்டு வியந்தவர், மேனாட்டு இசைவாணராகிய தெபூசியே.