காலிக்காரர் சோதித்த வான்கல்



"வானத்திலிருந்து விழுந்த கல்லுக்குள் உயிர் இருந்ததாம், இது ஈமானுக்குப் பாதகமா சேர்?" என்று வகுப்பிலும் கேட்கிறார்கள், பள்ளிவாசல் திண்ணையிலும் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்திதான் காரணம். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் எங்கள் நாட்டுக்காரர்.

1969 செப்டம்பர் 28, ஞாயிறு காலை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் முர்ச்சிசன் என்ற சிற்றூரின் மேல் ஒரு விண்கல் வெடித்துச் சிதறியது. 100 கிலோவுக்கு மேல் பொறுக்கி எடுத்தார்கள். நல்ல நேரம் என்றுதான் சொல்லவேண்டும். ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மனிதன் நிலவில் இறங்கியிருந்தான். நிலவுக் கல்லைச் சோதிக்க நாசாவின் ஏம்ஸ் நிலையத்தில் மிகத் துப்புரவான ஆய்வுகூடம் தயாராக இருந்தது. அதில் இரசாயனப் பரிணாமப் பிரிவுக்குத் தலைவர் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும.

துப்புரவு ஏன் முக்கியம்? எங்கள் விரல் ரேகையிலேயே அமினோ அமிலம் இருக்கிறது. புரதத்தின் கட்டுமானப் பொருள் அதுதான். கல்லை ஒருவர் கையால் தொட்டாலே போதும், "விண்வெளியில் அமினோ அமிலம்" என்று பொய்ச் செய்தி உண்டாகிவிடும். முன்னர் சோதித்த விண்கற்களில் இந்தச் சந்தேகம் தீரவே இல்லை.

பொன்னம்பெருமவும் கீத் குவென்வோல்டனும் அவர்களது குழுவினரும் சந்தேகத்தைத் தீர்த்த விதம் அழகானது. அமினோ அமிலங்களில் அநேகமானவை எங்கள் இரண்டு கைகளைப் போல இடது, வலது என்று இரு வடிவில் இருக்கும். பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடதைத்தான் எடுக்கின்றன. எனவே கைபட்ட அழுக்கென்றால் இடதே மிகுந்திருக்கவேண்டும். முர்ச்சிசன் கல்லில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. போதாததற்கு, எங்கள் உடலின் புரதங்களில் சேராத அமினோ அமிலங்களும் கிடைத்தன. 1970 டிசம்பரில் நேச்சர் சஞ்சிகையில் முடிவு வெளியானது: இவை பூமிக்கு வெளியே உண்டானவை.

உயிர் கிடைத்தது என்று அவர்கள் சொல்லவில்லை. கரையில் நூல்கட்டு கிடந்தால் அது வலையாகிவிடுமா? 2012 டிசம்பரில் பொலன்னறுவைப் பக்கம் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் நுண்ணுயிர்ப் படிவம் இருப்பதாக எங்கள் நாட்டவரான பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்க சொன்னபோது மற்ற விஞ்ஞானிகள் ஏற்காததும் இதனால்தான். பூமியில் ஒட்டிய அழுக்கு இல்லை என்பதை முதலில் காட்டவேண்டும். ஈமான் பற்றிய கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: ஒரு பொருள் எங்கே, எப்படி உண்டானது என்பதை இரசாயனம் சொல்லும். படைத்தவன் யார் என்பதை அது சொல்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை.

பெற்றோருக்கு இன்னொன்று. பொன்னம்பெரும முதலில் எடுத்த பட்டம் 1948இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில், அதுவும் தத்துவத்தில்! இரசாயனப் பட்டம் 1959இல் லண்டன் பர்க்பெக் கல்லூரியில், முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு. கலாநிதிப் பட்டம் 1962இல். தலவில பக்கத்தில் விஞ்ஞானப் பிரிவுக்காக ஊரை விட்டுப் போகவேண்டுமே என்று கலைப்பிரிவுக்குப் போகும் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, "இனி உனக்கு விஞ்ஞானம் இல்லை" என்று சொல்லி மூடிவிடுகிறோம். யார் கொடுத்த தீர்ப்பு அது? அவர் 1984இல் ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகராகவும் கண்டி அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் பணிப்பாளராகவும் நியமிக்கப்பட்டார். 1994இல் காலமானார்.

அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசா அள்ளிய மண் 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்தது. 2025 ஜனவரியில் வெளியிட்ட முடிவின்படி, உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. கூடவே உப்பும் இருந்தது. உவர்நீர் மெல்ல வற்றி, முதலில் கல்சியம் சேர்ந்த கனியங்கள் படிந்து, கடைசிப் பக்கமாகக் கறியுப்பு இறங்கியிருக்கிறது. புத்தளத்து உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நடப்பதும் அதே வரிசைதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த உப்புக் காலத்தில் அங்கே கூட்டிப்போக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். வாகனம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.