கிணற்று நீரும் சிறுநீரகமும்: பேராதனை ஆய்வுகள் சொல்வது என்ன?

மீள்குடியேறிய நாட்களில் நாங்கள் முதலில் செய்த வேலை, பாழடைந்து கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியதுதான். ஊற்று நீர் தெளிந்ததும் குடிக்கத் தொடங்கினோம். நீர் தெளிவாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. மாமாவுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அவருடன் வவுனியாவிலிருந்து கண்டிக்குச் சிகிச்சைக்காகப் போய்வரத் தொடங்கிய பின்னரே அந்த எண்ணம் மாறியது.

கண்டி நகருக்கு அருகில், மகாவலிக் கரையில் இருக்கிறது பேராதனைப் பல்கலைக்கழகம். நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ இல்லாத விவசாயிகளுக்கும் வரும் நாட்பட்ட சிறுநீரக நோய், 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. வவுனியாவின் சில பகுதிகளிலும் இந்நோய் உண்டு. இதன் காரணத்தைத் தேடியவர்களில் பேராதனையின் புவியியல் விஞ்ஞானிகளும் இரசாயனவியலாளர்களும் முக்கியமானவர்கள்.

பேராசிரியர் ரோஹண சந்திரஜித்தும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் 2011இல் ஒரு முக்கியமான கருத்தை வெளியிட்டார்கள். புளோரைட்டு அதிகமுள்ள எல்லா ஊர்களிலும் இந்நோய் இல்லை. சோடியத்துடன் ஒப்பிடும்போது கல்சியம் கூடிய நீரில் புளோரைட்டும் சேரும்போதே சிறுநீரகத்துக்குப் பாதிப்பு ஏற்படலாம் என்பது அவர்களது விளக்கம். பேராசிரியர் ஒலிவர் இலேபெரும, புளோரைட்டு நீரைத் தரங்குறைந்த அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பதன் மீது கவனத்தைத் திருப்பினார். பூச்சிகொல்லி, பார உலோகங்கள், வெயிலில் உழைத்து உடல் நீரிழத்தல் ஆகியவையும் ஆராயப்படுகின்றன. ஒரே காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை.

இவற்றைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புளோரைட்டு வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதாவது ஆயிரம் லீற்றர் நீரில் ஒன்றரைக் கிராம். இதை அளக்கத் தனியான மின்வாய் உண்டு. கட்மியம் போன்ற உலோகங்களுக்கு அணு உறிஞ்சல் கருவி பயன்படுகிறது. ஒவ்வொரு உலோகத்தின் அணுவும் தனக்குரிய அலைநீள ஒளியை மட்டும் உறிஞ்சும். எவ்வளவு ஒளி குறைகிறது என்பதிலிருந்து அளவு கணிக்கப்படும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். புளோரைட்டுப் பரிசோதனைக்குக் கண்ணாடிப் போத்தலை விடப் பிளாஸ்டிக் போத்தலே பொருத்தம். உலோகப் பரிசோதனைக்கான மாதிரியில், உலோகம் போத்தல் சுவரில் ஒட்டாதிருக்க ஆய்வுகூடத்தார் சிறிது நைத்திரிக்கமிலம் சேர்ப்பார்கள்.

இன்னொன்றையும் நான் பிந்தித்தான் அறிந்தேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; புளோரைட்டு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். அதை அகற்ற மீள்சவ்வூடுபரவல் வடிகட்டி போன்ற முறை தேவை. சேமித்த மழைநீரில் புளோரைட்டு மிகக் குறைவு.

எங்கள் கிணற்று நீரை இப்போது சமையலுக்கும் குடிக்கவும் எடுப்பதில்லை. உங்கள் ஊர்க் கிணறு பரிசோதிக்கப்பட்டதாகச் சொன்னால், 'நல்ல நீர்' என்ற வாய்ச்சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். எதை அளந்தார்கள், எவ்வளவு இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் கேட்கவில்லை.