கோட்டைக்குள் சம்பளத்துக்குப் பாடியவர்கள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் ஒன்பது மாலை கச்சேரி நடக்கிறது. கைதட்டல் கிடையாது. பிரதான உருப்படியும் பாடகர் விருப்பம் அல்ல: முதல் நாள் சங்கராபரணம், மறுநாள் கல்யாணி, கடைசி நாள் ஆரபி என்று திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள் வரிசை பிசகாமல் வரும். அவர் மறைந்தது 1846இல். கிராமபோன் கம்பெனி கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தது 1902இல். இசைத்தட்டு இல்லாத அந்த அரை நூற்றாண்டில் இந்தப் பாட்டுகளைக் காத்தவர்கள் அரண்மனைச் சம்பளத்தில் இருந்த முல்லமூடு பாகவதர்கள். பிற்கால ஸ்டுடியோ வாத்தியக்காரர்களின் முன்னோர் என்று இவர்களைத்தான் சொல்ல வேண்டும். கோயிலிலும் அரண்மனையிலும் முறைப்படி பாடுவது இவர்கள் உத்தியோகம். நவராத்திரிக் கச்சேரிக்கு முன் தோடயம் என்னும் மங்கலத் துதியைப் பாடுவதும் இவர்களே. அதே அரசவையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் தந்தத்தால் ஆன வயலின் பரிசாகக் கிடைத்தது, பெயரும் நின்றது. பாகவதர்களுக்கு மிஞ்சியது கூட்டுப்பெயர் மட்டும்.

‘அப்படிக் காத்திருந்தால், 1939இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய இசைப் பள்ளியின் முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் வந்த செம்மங்குடி சீனிவாசய்யரும் எத்தனையோ கிருதிகளுக்குப் புதிதாக மெட்டமைக்க நேர்ந்தது ஏன்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மெட்டுப் போனது எவற்றுக்கு என்று பார்க்க வேண்டும். சடங்கோடு கட்டுண்டு, ஆண்டு தவறாமல் யாராவது பாடியே தீர வேண்டியிருந்த நவராத்திரிக் கீர்த்தனைகள் தங்கின. பாட வேலை இல்லாத உருப்படிகளே மெட்டிழந்தன. ராஜாவின் பெயர் இரண்டு வகைக்கும் பொதுவாகவே இருந்தது. ஆகவே பாட்டைக் காத்தது வேலைதான். (பக்தி என்று சொல்வோரோடு எனக்குச் சண்டையில்லை, பக்திக்கும் சாப்பாடு வேண்டும்.)

பரம்பரை மானியம் பெற்றவரையும் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஸ்டுடியோ வாத்தியக்காரரையும் ஒன்றாக்குவது பிழை என்பார்கள். பிழைப்பின் உறுதியில் அவர்கள் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். பெயர் விஷயத்தில் இரு தரப்புக்கும் ஒரே கதி. 1949இல் ‘மஹல்’ படப் பாட்டின் தட்டில் லதா மங்கேஷ்கருக்குப் பதில் கதாபாத்திரத்தின் பெயரே அச்சானது. முன்னால் நின்று பாடியவருக்கே அப்படி என்றால், பின்னால் வயலின் வாசித்தவரை யார் தேடியிருப்பார்கள்? இந்த மறதிக்கு விலையும் உண்டு. 1980களில் வீணை எஸ். பாலசந்தர், சுவாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரரே புனைவு என்று வாதாடினார். அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனாலும் எந்தப் பாட்டை யார் யாரிடம் பாடம் கேட்டார் என்று அரண்மனை ஆள்வாரியாக எழுதி வைத்திருந்தால், அந்த வாதத்துக்குக் கால் ஊன்ற இடமே இருந்திருக்காது.