ஒழுங்குப் பத்திரமும் வெற்றாசனமும்: இலங்கைச் சட்டசபைகளில் யாழ்ப்பாணம்

சட்டசபையொன்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அங்கு நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவுகளையும், நிறைவேறிய சட்டங்களையுமே எடுத்துக்கொள்வர். எந்த வாரத்தில் எந்த மசோதா விவாதத்திற்கு வருகின்றது, எந்நாளில் வாக்கெடுப்பு நிகழ்கின்றது, எந்தக் குழு யாரை அழைத்து விசாரிக்கின்றது என்பனவற்றைக் கூறும் நிகழ்ச்சி நிரல் அவர்களது கவனத்தைப் பெறுவது அரிது. எனினும், ஒரு சபையின் அதிகாரம் உண்மையில் எங்கே உறைகின்றது என்பதை அறிய விரும்பும் மாணவனுக்கு ஒழுங்குப் பத்திரத்தைப்போல் உதவும் சான்று பிறிதில்லை எனலாம். விவாதத்திற்குரிய நாளைக் குறிப்பவனும் குழுவின் உறுப்பினரைத் தெரிபவனும் விவாதம் தொடங்குமுன்னரே முடிவின் பெரும்பகுதியைத் தம் கையில் வைத்திருக்கின்றனர்.

இக்கருத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவத்தைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1931ஆம் ஆண்டு முதல் இன்றுவரையுள்ள காலத்தில் குடாநாட்டின் ஆசனங்கள் இருமுறை நீண்டகாலம் வெறுமையாகக் கிடந்தன. இடைப்பட்ட காலத்தில் ஆசனங்கள் நிரம்பியிருந்தபோதும் குரல் பயன்படாத நாட்கள் பலவாயின. இவ்விருவகை இன்மைகளும் ஒன்றா, வேறா என்பதே நம்முன் உள்ள வினா.

குழுக்களால் ஆன அரசு

1927ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு மறுவருடம் தனது அறிக்கையை வெளியிட்டது. சர்வசன வாக்குரிமையும், இனவாரிப் பிரதிநிதித்துவ ஒழிப்பும் அவ்வறிக்கையின் புகழ்பெற்ற பகுதிகள். அவற்றுக்கு இணையான புதுமையுடையது நிர்வாகக் குழு முறையாகும். இலண்டன் மாநகரின் கவுன்ரி சபை குழுக்கள் வாயிலாக இயங்கிய முறையை முன்மாதிரியாகக் கொண்டு, ஒரு நாட்டின் ஆட்சியையே குழுக்களிடம் ஒப்படைக்க அவ்வாணைக்குழு துணிந்தது. 1929ஆம் ஆண்டு டிசெம்பரில் சட்டநிரூபண சபை 19க்கு 17 என்ற வாக்குகளால் இத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டே வாக்குப் பெரும்பான்மையில் ஒரு நாட்டின் அரசியல் திசை மாறிற்று.

புதிய அரசாங்க சபையில் 61 பேர் இடம்பெறுவதாயிற்று. 50 பேர் மக்களால் தெரிவானோர். 8 பேர் தேசாதிபதியால் நியமிக்கப்பெற்றோர். எஞ்சிய மூவர் பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் ஆகிய அரச அலுவலர். உண்ணாட்டலுவல், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், கல்வி, தொழில் கைத்தொழில் வர்த்தகம், போக்குவரத்தும் கட்டடவேலையும் என ஏழு நிர்வாகக் குழுக்கள் அமைந்தன. சபாநாயகரும் அரச அலுவலர் மூவரும் ஒழிந்த ஏனைய உறுப்பினர் ஒவ்வொருவரும் இவற்றுள் ஏதாவதொன்றில் இடம்பெற்றனர். ஒவ்வொரு குழுவும் இரகசிய வாக்கெடுப்பால் தன் தலைவரைத் தெரிவுசெய்தது. அவ்வாறு தெரிவானவரே அத்துறையின் மந்திரியானார்.

இம்முறையில் எதிர்க்கட்சி வரிசை என்பதொன்று இல்லை. சபை சட்டமியற்றும்பொழுது ஒருவகையாகவும், நிர்வாகக் காரியங்களை ஆராயும்பொழுது வேறொரு வகையாகவும் கூடிற்று. குழுக்கள் தயாரித்த அறிக்கைகளை ஏற்கவோ, திருத்தவோ, நிராகரிக்கவோ, மீளாய்வுக்குத் திருப்பியனுப்பவோ சபைக்கு அதிகாரம் இருந்தது. எனினும் ஒரு வீதி, ஒரு வைத்தியசாலை, ஒரு பாடசாலை பற்றிய முதற்பேச்சு நிகழ்ந்த இடம் குழு அறையே. சபை மண்டபத்தில் ஓர் உறுப்பினர் ஐம்பத்தெட்டில் ஒருவர். குழு அறையிலோ எட்டு ஒன்பது பேருள் ஒருவர். எனவே, டொனமூர் முறையில் ஆசனமொன்றை இழந்தவர் விவாதத்தில் பங்கை இழந்ததோடு நிர்வாகத்தில் பங்கையும் இழந்தார்.

நான்கு வெற்றாசனங்கள்

இத்தகைய சபையைத்தான் 1931ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. 1924ஆம் ஆண்டிற் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வளர்ந்தது. ஹண்டி பேரின்பநாயகம் போன்றோரின் வழிகாட்டலில் அது பூரண சுயராச்சியத்தைக் கோரிற்று. தேசாதிபதியின் விசேட அதிகாரங்களும், மக்களுக்குப் பொறுப்புக் கூறாத மூன்று அரச அலுவலரும் நிலைத்திருக்கும் யாப்பு அடிமைத்தனத்தின் புதுவடிவமே என்பது அவ்வியக்கத்தின் வாதம். அவ்வாண்டு ஏப்பிரலில் இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாயா காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டமை வாலிபரின் உற்சாகத்தை மிகுவித்தது. நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாள் வந்தபோது யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்பாளர் எவரும் முன்வரவில்லை.

பகிஷ்காரத்தை ஆதரித்தோர் யாவரும் ஒரே நோக்கினரல்லர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. வாலிபர் இயக்கம் யாப்பு போதாது என்று ஒதுங்கியது. மூத்த தலைவர் சிலருக்கு இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தமையும் சர்வசன வாக்குரிமை வந்தமையுமே மனக்குறையாயின. முன்னேற்றத்தை வேண்டியவரும் பழைய நிலையை வேண்டியவரும் ஒரே கதவை அடைத்தனர். தென்னிலங்கையும் தம் வழியைப் பின்பற்றும் என வாலிபர் நம்பினர். அங்கிருந்து பாராட்டுரைகள் வந்தன, பகிஷ்காரம் வரவில்லை.

1931 யூலை 7ஆம் நாள் அரசாங்க சபை கூடியது. ஏழு குழுக்களும் அமைந்தன. டி. பி. ஜயதிலக, டி. எஸ். சேனநாயக்க, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முதலியோர் மந்திரிகளாயினர். மலையகத்தின் பெரி சுந்தரம் தொழில் மந்திரியாகவும், மாக்கான் மாக்கார் போக்குவரத்து மந்திரியாகவும் தெரிவாயினர். சிறுபான்மையினர் இருவர் மந்திரிகளாக முடிந்த அச்சபையின் எந்தவொரு குழு அறையிலும் குடாநாட்டின் பிரதிநிதி ஒருவரேனும் இல்லை. நான்கு உறுப்பினரும் நான்கு குழுக்களிற் சேர்ந்திருப்பின், ஏழில் நான்கு துறைகளில் யாழ்ப்பாணத்தின் தேவைகளை அறிந்த ஒருவர் அமர்ந்திருப்பார். குழுக்கள் தம் நடைமுறைகளை வகுத்துக்கொண்ட முதல் மூன்று ஆண்டுகளும் இவ்வாறு கழிந்தன. 1934ஆம் ஆண்டிலேயே அத்தொகுதிகளில் தேர்தல் நடைபெற்றது. அ. மகாதேவா, ஜி. ஜி. பொன்னம்பலம், நெவின்ஸ் செல்வதுரை, சு. நடேசபிள்ளை ஆகியோர் சபை புகுந்தனர்.

கணக்கின் வெற்றி

ஆசனத்திற் சென்று அமர்ந்துவிட்டால் யாவும் கைகூடும் என்று எண்ணுவதும் பிழையாகும். 1936ஆம் ஆண்டு இரண்டாவது அரசாங்க சபை கூடியபோது, ஊர்காவற்றுறைத் தொகுதியின் வைத்திலிங்கம் துரைச்சாமி சபாநாயகராகத் தெரிவானார். ஐந்தாண்டுகளுக்கு முன் வேட்பாளரின்றிக் கிடந்த தொகுதிக்குச் சபையின் உயர்பீடமே கிடைத்தது. ஆயினும் அதே சபையில் ஏழு குழுக்களும் சிங்கள உறுப்பினரையே தலைவராகத் தெரிந்தன. தனிச் சிங்கள மந்திரிசபை என வரலாற்றிற் பெயர்பெற்றது இதுவே.

இதன் பின்னணியில் இருந்தது எளிய எண்கணக்கு. சபாநாயகர் நீங்கலாக 57 உறுப்பினர் ஏழு குழுக்களாகப் பிரியும்போது குழுவொன்றுக்கு ஏறக்குறைய எட்டுப்பேர். எட்டில் ஐவர் ஒன்றுபட்டால் தலைவர் அவர்கள் விருப்பப்படியே அமைவார். ஏழு குழுக்களுக்கும் ஐவர் வீதம் 35 பேர் இருந்தால் ஏழு மந்திரிப் பதவிகளும் அவர்கள் வசமாகும். வேண்டுவதெல்லாம் அவர்கள் ஒரே குழுவிற் குவியாது சீராகப் பரந்திருத்தல். இக்கணக்கை வகுத்துக் கொடுத்தவர் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த சி. சுந்தரலிங்கம் என்று கூறப்படுவதுண்டு. அவர் யாழ்ப்பாணத்தவர் என்பதை நோக்குமிடத்து வரலாற்றின் விந்தை புலனாகும். 1942ஆம் ஆண்டு ஜயதிலக பதவி நீங்கிய பின்னரே அ. மகாதேவா உண்ணாட்டலுவல் மந்திரியானார்.

எனினும் குழு முறையை முற்றாகக் குறைகூறல் நேர்மையாகாது. கல்விக் குழுவின் தலைவராக இருந்த கன்னங்கரா, விசேட குழுவொன்றின் வாயிலாக 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையே இலவசக் கல்விக்கு வழிகோலிற்று. 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தின் பயனைத் துய்த்தே இன்று நாம் பல்கலைக்கழக வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றோம். அவ்வாறே, 1944ஆம் ஆண்டில் ஜே. ஆர். ஜயவர்த்தனா சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொணர்ந்தபோது, திருகோணமலை மட்டக்களப்புத் தொகுதியின் வி. நல்லையா தமிழையும் சேர்க்குமாறு திருத்தம் முன்மொழிந்தார். அத்திருத்தத்தைச் சபை ஏற்றது. ஆசனத்தில் ஒருவர் இருந்தமையும், திருத்தம் கொணர நாள் இருந்தமையுமே அதற்குக் காரணமாயின.

நாள் குறிக்கும் அதிகாரம்

1947ஆம் ஆண்டில் சோல்பரி யாப்பு நிர்வாகக் குழுக்களை ஒழித்து மந்திரிசபை முறையைப் புகுத்தியது. நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிக்கும் ஆற்றல் குழு அறைகளிலிருந்து ஆளுங்கட்சியின் கைக்கு மாறிற்று. அதன்பின் குடாநாட்டு உறுப்பினர், பிறர் குறித்த நாளில் பிறர் வரைந்த மசோதாவுக்கு எதிராக வாக்களிப்போராயினர். 1956 யூன் 5ஆம் நாள் அரசகரும மொழி மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அன்றே தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலில், சபைக்கு எதிரே சத்தியாக்கிரகம் இருந்தனர். ஒழுங்குப் பத்திரம் குறித்த நாளே போராட்டத்தின் நாளுமாயிற்று. ஆயினும் அந்நாள் முன்கூட்டி அறியப்பட்டிருந்தது. அறியப்பட்டமையாலேயே எதிர்ப்பும் இயன்றது.

பின்வந்த யாப்புகள் இச்சிறு அவகாசத்தையும் சுருக்கின. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு, தேசிய நலன் கருதிய அவசர மசோதா என மந்திரிசபை சான்றளித்ததை 24 மணித்தியாலத்துள் ஆராய்ந்து கருத்துரைக்குமாறு அரசியலமைப்பு நீதிமன்றத்தைப் பணித்தது. 1978ஆம் ஆண்டின் யாப்பின்படி சாதாரண மசோதாவொன்று ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற நாளிலிருந்து ஒரு வாரத்துள் எந்தப் பிரசையும் அதனை உயர் நீதிமன்றத்திற் கேள்விக்குட்படுத்த முடிந்தது. பாராளுமன்றத்தின் உள்விவகாரமாகத் தோன்றும் ஒழுங்குப் பத்திரம், பிரசையின் உரிமைக்குரிய காலக்கணக்கின் தொடக்கமுமாகும். அவசர மசோதாவுக்கோ இந்த ஒரு வாரம் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்தவனுக்கு மசோதாவும் சட்டமும் ஒரே நாளிற் செய்தியாய் வந்து சேர்ந்தன.

1979ஆம் ஆண்டு யூலையிற் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவ்வாறே நிறைவேறியது. மூன்று ஆண்டுகளுக்கே எனக் கூறப்பட்ட அச்சட்டம் 1982ஆம் ஆண்டில் நிரந்தரமாக்கப்பட்டது. 1983 யூலை வன்செயல்களின் பின், ஆகஸ்ட் மாதத்தில், தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்யும் ஆறாவது திருத்தம் விரைந்து நிறைவேற்றப்பட்டது. அத்திருத்தம் விதித்த சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அவ்வாண்டின் இறுதிக்குள் ஆசனங்களை இழந்தனர். எதிர்க்கட்சித் தலைவராயிருந்த காங்கேசன்துறை உறுப்பினர் அ. அமிர்தலிங்கமும் அவர்களுள் ஒருவர். 1989ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் வரை, போர் மூண்டு விரிந்த ஆண்டுகள் முழுவதிலும், குடாநாட்டின் ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன.

இரு இன்மைகள்

1931ஆம் ஆண்டின் இன்மை நாமே தெரிந்துகொண்டது. மூன்று ஆண்டுகளில் முடிந்தது. 1983ஆம் ஆண்டின் இன்மை சட்டத்தால் நேர்ந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. முன்னையதில் சுயராச்சியம் என்னும் உயர்ந்த இலட்சியம் இருந்தது; அதனை எள்ளுதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. எனினும் இலட்சியத்தின் தூய்மை வேறு, அதன் விலை வேறு. சுயராச்சியத்தின் பெயரால் ஒதுங்கியவர்கள், தம் மக்களின் அன்றாட வாழ்வு தீர்மானிக்கப்பெறும் குழு அறைகளையும் காலிசெய்தனர். 1936ஆம் ஆண்டின் நிகழ்ச்சியைக் காட்டி, சென்றிருந்தாலும் பயன் என்ன என்று வாதிப்போர் உளர். அவர்களுக்கு 1944ஆம் ஆண்டின் திருத்தமே விடையாகும். இருப்பவன் தோற்கலாம், சிலவேளை வெல்லவும் கூடும். இல்லாதவனுக்கு இவ்விரண்டும் இல்லை.

1983ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதனின் வேறானது. ஒரு பிரதேசத்தின் பிரதிநிதிகள் முழுவதும் சபையிலிருந்து அகலும் வண்ணம் சட்டமொன்று இயற்றப்படுமாயின், குறைபடுவது அப்பிரதேசம் மட்டுமன்று. எதிர்த்து வாக்களிக்க வேண்டியோர் இல்லாத வாக்கெடுப்பின் முடிவு எண்ணிக்கையாற் செல்லுபடியாகலாம், சம்மதத்தால் ஆகாது.

இன்று பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில், வழமையாக மாதத்தின் முதலாம் மூன்றாம் வாரங்களிற் கூடுகின்றது. வாரத்தின் அலுவல்களைச் சபாநாயகர் தலைமையிலான பாராளுமன்ற அலுவல்கள் குழு வகுக்கின்றது. அரசாங்கக் கணக்குக் குழுவும், பொது முயற்சிகள் குழுவும் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கின்றன. அவசர மசோதா ஏற்பாடு 2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது திருத்தத்தால் நீக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டின் இருபதாவது திருத்தத்தால் மீண்டு, 2022ஆம் ஆண்டின் இருபத்தோராவது திருத்தத்தால் மறுபடியும் நீங்கியுள்ளது. ஏழாண்டுகளில் மூன்றுமுறை மாறிய ஏற்பாடு நான்காம் முறை மாறாதென்பதற்கு உறுதியில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆசனங்களோ 2020ஆம் ஆண்டில் ஏழாக இருந்து 2024ஆம் ஆண்டில் ஆறாகக் குறைந்தன. எண்ணிக்கை குறையுமிடத்து ஒவ்வொருவரும் எந்தக் குழுவில் அமர்கின்றார், எந்நாளிற் பேசுகின்றார் என்பது முன்னையிலும் முக்கியமாகின்றது.

தேர்தற் காலத்தில் வேட்பாளரின் பேச்சைக் கேட்கின்றோம். தேர்தல் முடிந்தபின் அவர் எந்தக் குழுவிற்குச் சமுகமளித்தார், எந்த வாக்கெடுப்பில் இருந்தார் எனக் கேட்பதில்லை. ஒழுங்குப் பத்திரத்தை வாசித்து, அதனைத் தம் ஊராருக்கு விளக்கும் மாணவர் சிலரேனும் இப்பல்கலைக்கழகத்தில் உருவாவரெனின், 1931ஆம் ஆண்டின் வாலிபர் விரும்பிய சுயாட்சிக்கு அவர்கள் அடைத்த கதவு வழியாகவே ஓரடி நெருங்கியவராவோம்.